கெந்தூரிப் பொட்டலம்

அந்தப் பையை மிதிச்சிராதீங்க தம்பி. சோறு இருக்கு. மேல வைக்கலாம்னா இந்த வண்டியில கம்பியெல்லாம் எப்பவோ பிடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. உங்க காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கி வச்சுக்குங்க. ஆங், போதும்.

நீங்க தமிழ்னு ஏறும்போது தெரியல. போன்ல "சாப்பிட்டேம்மா, சாப்பிட்டேம்மா"ன்னு ரெண்டு தரம் சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன். சுமத்ரா தீவுல, இந்த ஓட்டை வண்டியில தமிழ்க் குரல்! எந்த ஊரு? விருத்தாசலமா? இருக்கட்டும், இருக்கட்டும். எங்க தாத்தாவை நாகப்பட்டினத்துல கப்பலேத்துனாங்களாம், டச்சுக்காரன் புகையிலைத் தோட்டத்துக்கு. அதுக்கு மேல எங்களுக்கு ஊரு பேரு ஒண்ணும் தெரியாது. என் பேரு காத்தையா. இங்க பாக் காத்தான்னு கூப்பிடுவாங்க. பாக்னா இவங்க பாஷையில அப்பா, ஐயா, பெரியவர், எல்லாம்தான். மரியாதையும் கொடுப்பாங்க, பேரையும் கொன்னுருவாங்க.

நான் பிஞ்சாய்ல இறங்கணும். என் சம்சாரத்தைக் கூட்டியாரப் போறேன். சின்னக்கண்ணுன்னு பேரு. கோவிச்சுக்கிட்டு அவ தங்கச்சி வீட்டுல போய் உக்காந்திருக்கா. போன அறுப்புக்குப் போனவ. அறுப்புன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அறுக்க என்ன இருந்துச்சு! போகும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டா. அதை நேத்து நான் நிறைவேத்திட்டேன். இனி அவ வராம இருக்க ஒரு காரணமும் கிடையாது. புள்ளகுட்டி இல்லாத வீடு தம்பி. அவளும் இல்லேன்னா என்னால முடியல. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், முடியல.

என்ன நிபந்தனையா? சொல்றேன், சொல்றேன். பிஞ்சாய் வர இன்னும் நேரம் கிடக்கு. ஆனா முன்னாடி நடந்ததைச் சொல்லாம அதைச் சொன்னா, தப்பு என் பேர்ல இருக்கிற மாதிரித் தெரியும்.

எங்க ஊரு பாயா லாலாங். சதுப்பும் கோரைப்புல்லுமாக் கிடந்த இடம். தோட்டத்து வேலையை விட்டு வந்த ஜாவாக்காரங்களும் எங்கப்பாவும் சேர்ந்து வெட்டித் திருத்தின பூமி அது. ஆத்துல இருந்து வாய்க்கால் வெட்டி, தலைமடையில பலகை போட்டு, எல்லா வயலுக்கும் தண்ணி கொண்டாந்தாங்க. தமிழ்க் குடும்பம் எங்க ஒரு குடும்பந்தான். ஆனா வாய்க்கால் வெட்டுறப்ப முதல் மண்வெட்டி எங்கப்பாவோடது. அதனால வருஷா வருஷம் மடை திறக்கிறப்ப முதல் வெட்டு எங்களுக்கு. அப்பா இருந்தவரைக்கும் அப்பா. அவருக்கப்புறம் நான். அது ஒரு மரியாதை தம்பி. காசு பணத்துல வராது.

அந்த மடை திறக்கிற அன்னிக்கு ஊர் மொத்தமும் கெந்தூரி போடும். கெந்தூரி தெரியும்ல? உங்க ஊர் தர்காவுல கந்தூரின்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி விருந்துதான். வீட்டுக்கு ஒரு தட்டு, மஞ்சச் சோறு, கோழி, முட்டை, தேங்காய் வறுத்தது. வரப்பு மேல பாய் விரிச்சு, ஒருத்தர் துவா ஓதுவாரு. நான் மனசுக்குள்ள முருகனைக் கும்பிட்டுக்குவேன், அதை யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. அப்புறம் விவசாயிங்க தலைவர் நாள் சொல்லுவாரு. அந்த நாள்ல தொடங்கி எல்லாரும் ஒண்ணா நாத்து விடணும், ஒண்ணா நடணும், ஒண்ணா அறுக்கணும். ஒரு வயலு முந்தக் கூடாது, ஒரு வயலு பிந்தக் கூடாது. கடைசியில மிச்சச் சோத்தைப் பொட்டலமா மடிச்சு ஆளுக்கொண்ணு, அவங்கவங்க வயலுக்குக் காட்டிட்டு வீட்டுக்குக் கொண்டு போவாங்க. அந்தப் பொட்டலத்துல ஊரோட ஆசி இருக்குதுன்னு இவங்க நம்பிக்கை.

ஏன் எல்லாரும் ஒண்ணா நடணும்னு கேட்டா, எலின்னுவாங்க. எல்லாரும் ஒண்ணா அறுத்துட்டா வயக்காடு முழுக்கக் கட்டாந்தரை. எலிக்குத் திங்க ஒண்ணும் இருக்காது, குட்டி போடாது, பட்டினியில செத்துப்போகும். எங்கயாவது ஒரே ஒரு வயலு பச்சையா நின்னுச்சோ, ஊரு எலி அத்தனையும் அங்க வந்து குடியேறி, தின்னு, பெருத்து, அடுத்த பருவத்துக்குப் படையா வரும். இது வாகிமின் சொல்ற பாடம். வாகிமின் யாருன்னா, எனக்கு அடுத்த வயல்காரன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே வரப்பு. சின்ன வயசுல ஒரே எருமை மேல ஏறிக்கிட்டுத் திரிஞ்சவங்க நாங்க. எலியைப் பத்தி மட்டும் அவன் பேச ஆரம்பிச்சா, எலியே உக்காந்து கேக்கும்.

ஒரு வருஷம் நான் மேடான் பட்டணத்துல முருகன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். காவடி எடுக்கிறவங்களுக்குத் தண்ணி ஊத்துற வேலை எனக்கு, விட்டுட்டு வர முடியாது. சின்னக்கண்ணுக்குக் காய்ச்சல், அவ வீட்டுல இருந்தா. திரும்பி வந்து பார்க்கிறேன், மடையில தண்ணி ஓடுது! கெந்தூரி முடிஞ்சுபோச்சு. முதல் வெட்டு யாரு வெட்டினான்னு கேட்டேன். வாகிமினாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

தலைவர் பாக் துக்கிமான் வந்து சமாதானம் சொன்னாரு. மழை முந்திருச்சாம், ஆத்துல தண்ணி ஏறிருச்சாம், நிறுத்தி வச்சா கரை உடைஞ்சிரும்னு பயந்தாங்களாம். "உங்க மண்வெட்டியை உங்க சம்சாரம்கிட்டக் கேட்டு வாங்கித்தான் வெட்டினோம் பாக்"ன்னாரு. பாருங்க, என் மண்வெட்டியை என்கிட்டக் கேக்காம! அதுக்கு என் வீட்டுக்காரியும் உடந்தை. சாயங்காலம் வாகிமின் வந்தான், கையில பொட்டலம். "உனக்குன்னு எடுத்து வச்சேன். தொடைக்கறி வச்சிருக்கேன், உனக்குப் பிடிக்குமே"ன்னு நீட்டினான்.

நான் வாங்கல. "யாரு வெட்டினானோ அவனே தின்னட்டும்"னு சொல்லிட்டேன்.

சின்னக்கண்ணு பதறிட்டா. "ஏங்க, இந்த ஊர்ல கெந்தூரிப் பொட்டலத்தைத் திருப்பக் கூடாதுங்க. செத்த வீட்டுக்குக்கூட அனுப்புறது. வாங்கிக் கீழயாவது வைங்க"ன்னு கெஞ்சினா. நான் உள்ள போய்ப் படுத்துட்டேன். வாகிமின் ரொம்ப நேரம் வாசல்ல நின்னான் போல. அவதான் ஏதோ பேசி அனுப்பி வச்சா. அவ ஜாவா பாஷை நல்லாப் பேசுவா. எனக்கு வர்றதைவிட அவளுக்கு நல்லா வரும். ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் அவ பக்கம்.

அந்தப் பருவம் நான் நாள் பார்க்கல. அவங்க நாத்து விட்டப்ப நான் சும்மா உக்காந்திருந்தேன். அவங்க நட்டு, பயிரு முழங்கால் உசரம் வந்தப்புறம்தான் நான் நாத்து விட்டேன். என் வயலு, என் விதை, என் இஷ்டம். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்களே, அது மாதிரி. ஊரோட ஒத்து வாழுன்னு எங்கப்பா சொல்லுவாருதான். ஏன், ஊரு என்னோட ஒத்து வாழக் கூடாதா?

அவங்க அறுத்தாங்க. வயக்காடு முழுக்கக் கட்டாந்தரை, நடுவுல என் வயலு மட்டும் பச்சைப் பசேல்னு. பார்க்கவே அம்புட்டு அழகு. பால் பிடிக்கிற சமயம். ராத்திரியில படுத்திருந்தா வயல்ல இருந்து கறுக் கறுக்னு சத்தம் வரும். கொஞ்சம் போச்சு, இல்லேங்கல. ஆனா நான் அறுத்தேன் தம்பி! எலி தின்னது போக எனக்கும் இருந்துச்சு. என்னால தனியா முடியும்னு காட்டிட்டேன்ல?

அடுத்த பருவம் ஊருக்கு நேரம் சரியில்ல. எலி எங்கிருந்து வந்துச்சோ, புத்துல இருந்து ஈசல் கிளம்புற மாதிரிக் கிளம்பி வந்துச்சு. வாகிமின் வயலை ஒரே வாரத்துல மொட்டையடிச்சிருச்சு. அவன் பொண்ணுக்கு அந்த அறுப்பு முடிஞ்சு கல்யாணம் வச்சிருந்தான், அது தள்ளிப்போச்சு. பாவந்தான். வரப்புல உக்காந்து அழுதான். நான் தூரத்துல இருந்து பார்த்தேன். போய்ப் பேசியிருப்பேன், அவன் முதல்ல வந்து பேசியிருந்தா.

வந்தான், ஆனா பேச வேண்டியதைப் பேச வரல. ஊரே திரண்டு வந்துச்சு. மண்வெட்டி, தடி, நாயி, கந்தகப் புகை. எலி வேட்டையாம். வரப்பெல்லாம் தோண்டி வளையில புகை போடுறது இவங்க வழக்கம். என் வரப்புக்கு வந்து நிக்கிறாங்க. பாக் துக்கிமான் சொல்றாரு, "பாக், உங்க வரப்புலதான் தாய் வளை இருக்கு, நாங்க பார்த்துட்டோம். தோண்டிட்டு நாங்களே மண்ணு போட்டு அடைச்சுத் தர்றோம்." நான் கேட்டேன், "மடையை வெட்டுறப்ப என்னைத் தேடல, வரப்பை வெட்டுறப்ப மட்டும் தேடுறீங்களா?"   வாகிமின்தான் முன்னால வந்தான். "உன் கோவம் என் மேல. என்னை அடி. வரப்பை விடு"ன்னான். நான் வரப்பு மேல உக்காந்துட்டேன். பொழுது சாயுறவரைக்கும் எந்திரிக்கல. போயிட்டாங்க.

அவங்க என்ன எதிர்பார்த்தாங்கன்னு எனக்குப் புரியல தம்பி. நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு வார்த்தை. "அடுத்த வருஷம் முதல் வெட்டு உன்னோடதுதான்"னு ஒரு வார்த்தை. சொன்னாங்கங்கிறா சின்னக்கண்ணு. பாக் துக்கிமான் வீட்டுக்கே வந்து சொன்னாராம், நான் உள்ள படுத்துக்கிட்டுக் கேட்டேனாம். சொல்ற மாதிரிச் சொல்லணும்ல? திருடன் மாதிரி வீட்டுக்குள்ள வந்து சொல்றதா? எல்லார் முன்னாலயும் சொல்லணும்.

அதனால நான் அடுத்த பருவமும் தனியாத்தான் நட்டேன். அதுக்கடுத்ததும்.

முதல்ல வாகிமின்தான் செம்பனை வச்சான். அதான் தம்பி, உங்க ஊர்ல பாமாயில்னு ஊத்துறீங்களே, அந்த மரம். இதோ, ஜன்னலுக்கு வெளிய பாருங்க, ரெண்டு பக்கமும் அதுதான். இன்னும் பிஞ்சாய் வரைக்கும் அதுதான். நெல்லு வெளஞ்ச பூமியில கன்னை ஊணிட்டான். நான் வரப்புல நின்னு கேட்டேன், "உங்கப்பன் வெட்டின வயலுடா, இப்படிப் பண்ணலாமா?" அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கோவமே இல்லாத பார்வை. "இதை எலி சீக்கிரம் திங்காது பாக்"னு சொல்லிட்டு, குனிஞ்சு அடுத்த குழி தோண்டினான். பாக்னு கூப்பிட்டான் தம்பி, என்னை! ஒரே எருமை மேல சவாரி பண்ணினவன், அதுவரைக்கும் வாடா போடாதான்.

அப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா வச்சாங்க. நெல்லு போடுறவங்க குறைஞ்சதும் வாய்க்கால் தூர் வார ஆள் வரல. தண்ணியும் பாதிதான் வந்துச்சு. ஊர் கூடித் தேர் இழுக்கணும்பாங்க, கயித்தை விட்டுட்டுப் போனா என்ன பண்றது? மண்ணை மதிக்கத் தெரியாத சனங்க. மண்ணை நம்பி நின்னது நான் ஒருத்தன்தான்.

போன அறுப்புல எனக்கு வந்தது ரெண்டு முறம் நெல்லு. சின்னக்கண்ணு அதைப் புடைச்சா. பாதிக்கு மேல கருக்காய், அதுல எலிப் புழுக்கை. புடைச்சுக்கிட்டே அழுதா. நான் சொன்னேன், "எல்லாம் இந்த ஊரு பண்ணின வேலை." அவ முறத்தைக் கீழ வச்சா. அவ்வளவு வருஷத்துல அவ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. "ஊரு உங்க வாசலுக்குச் சோத்தைக் கொண்டாந்து நீட்டுச்சு. நீங்கதான் வாங்கல"ன்னா. அப்புறம் துணியை மடிச்சா. வாசல்ல நின்னு சொன்னா, "ஊரோட ஒண்ணா என்னிக்கு நாத்து நடுறீங்களோ, அன்னிக்கு வந்து கூப்பிடுங்க. வர்றேன்."

அதான் நிபந்தனை. ஊரோட ஒண்ணா நடணும்.

சரி, கிழவி ஆசைப்பட்டுட்டா, விட்டுக்கொடுப்போம்னு நான் இறங்கி வந்தேன் தம்பி. யாருக்காகவும் இறங்காதவன். போன மாசம் நானே பாக் துக்கிமான் வீட்டுக்குப் போனேன். "இந்தப் பருவம் எந்த நாளு? நானும் உங்களோட சேர்ந்து நடுறேன்"னு கேட்டேன். அவரு லாரியில இருந்து செம்பனைக் கன்னு இறக்கிக்கிட்டிருந்தாரு. கடைசியா நெல்லு போட்டுக்கிட்டிருந்தது அவரும் நானுந்தான். கையில இருந்த கன்னைக் கீழ வைக்காமலே, "எந்த நாளா இருந்தா என்ன பாக். உங்களுக்கு எது தோதோ அது"ன்னாரு.

அப்ப என்ன ஆச்சு? தலைவரே நாள் குறிக்கிற பொறுப்பை என்கிட்டக் கொடுத்துட்டாரு. இது சாதாரண விஷயமா?

நாள் குறிச்சேன். மடை திறக்கிறதுக்கு முந்தியே கிணத்துத் தண்ணியை இறைச்சு நாத்து விட்டேன். நேத்து கெந்தூரி போட்டேன். முறைப்படி, ஒண்ணும் குறை வைக்கல. மஞ்சச் சோறு நானே வடிச்சேன், அடி கொஞ்சம் பிடிச்சிருச்சு. வீட்டுல நின்ன சேவல், கோழி எல்லாத்தையும் அடிச்சுட்டேன். வீடு வீடாப் போய்ச் சொல்லியிருந்தேன். எல்லாரும் "வர்றோம் பாக், வர்றோம் பாக்"னாங்க. இவங்க யாரையும் முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, அது இவங்க பண்பு. மடைகிட்டப் பாய் விரிச்சு உக்காந்தேன். வெயில் ஏறுச்சு. ஈ மொய்க்குது, விசிறிக்கிட்டே உக்காந்திருக்கேன். ஓதுறவரும் வரல. நானே முருகனைக் கும்பிட்டேன். முதல் வெட்டு நானே வெட்டினேன். தண்ணி என்னமோ ஒரு கை அகலந்தான் வந்துச்சு, ஆனா வெட்டினது நான்.

வாகிமின் மட்டும் மோட்டார் சைக்கிள்ல அந்தப் பக்கம் வந்தான். பின்னால செம்பனைக் குலை. வண்டியை நிறுத்தினான். பாய், தட்டு, பொட்டலம் எல்லாத்தையும் பார்த்தான். நான் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "தொடைக்கறி வச்சிருக்கேன்"னு சொன்னேன். அவன் கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. "எனக்கு நடுறதுக்கு ஒண்ணும் இல்லியே பாக். இதை வாங்கிட்டுப் போய் நான் எந்த வயலுக்குக் காட்டுவேன்"ன்னு கேட்டுட்டு வண்டியைக் கிளப்பிட்டான். அவசரம் போல. குலை வெயில்ல கிடந்தா கெட்டுப்போகும்ல.

அப்புறம் நாத்து நட்டேன். தனி ஆளு எவ்வளவு நட முடியும்? ஒரு மூலைதான். மீதியைச் சின்னக்கண்ணு வந்து நடுவா. அவ கை நாத்து நேர்க்கோடு பிடிச்ச மாதிரி நிக்கும்.

இன்னிக்குக் காலையில பஸ்ஸுக்குக் கிளம்புறப்ப வயலைப் பார்த்தேன். நட்டதுல பாதி அறுந்து தண்ணியில மிதக்குது. செம்பனைப் பழம் தின்னு எலியெல்லாம் பூனை சைஸுல இருக்கு இப்ப. எலி திங்காதுன்னு வச்சாங்கல்ல, அதுக்கு அதுவே சாப்பாடு. போகட்டும். அதை இப்ப அவகிட்டச் சொல்ல வேண்டியதில்ல. நட்டேனா இல்லியா, அதுதான் பேச்சு.

"ஊரோட ஒண்ணா நட்டீங்களா?"ன்னு கேப்பா. என்ன சொல்லப் போறேன் தெரியுமா? பாயா லாலாங்ல இப்ப நெல்லு போடுறது யாரு? நான். வேற யாரும் கிடையாது. அப்ப நெல்லு போடுற ஊரு மொத்தமும் நேத்து ஒரே நாள்ல நட்டாச்சு. ஒரு வயலு முந்தல, ஒரு வயலு பிந்தல. நியாயந்தானே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. ஏன் ஜன்னலையே பார்க்கிறீங்க?

ஒண்ணுதான் இடிக்குது. அவ அதோட விட மாட்டா. "கெந்தூரிக்கு யாரு வந்தா? பொட்டலம் யாரு வாங்கினா?"ன்னு கேப்பா. அவகிட்ட நான் பொய் சொன்னதில்ல தம்பி. பிடிவாதக்காரன்னு வேணா சொல்லுவா, பொய்யன்னு சொல்ல மாட்டா.

அந்தா, பாலம் தெரியுது. அடுத்தது பிஞ்சாய்தான். அந்தப் பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க. கனமா இருக்கா? ஊருக்கே போக வேண்டியதுல்ல, ஒண்ணுகூடக் குறையல.

இந்தாங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க. இல்ல, நீங்க அம்மாகிட்டச் சாப்பிட்டேன்னு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. தின்னச் சொல்லல. நேத்து மத்தியானச் சோறு, இந்த வெயிலுக்கு வாடை வந்திருச்சு, எனக்கே தெரியுது. நான் இறங்கினதும் ஜன்னல் வழியா வீசிருங்க, நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். இப்ப என் கையில இருந்து வாங்கிக்கங்க, அது போதும். ஒருத்தர் வாங்கினாருன்னு நான் அவகிட்டச் சொல்லணும்.

கையை நீட்டுங்க தம்பி. வண்டி நிக்கப் போகுது.